யார் பல்லுக்கு யார் சராசரி?

ஆறாம் வகுப்பில் பாடம் வாசிக்க எழுந்த மாணவி ஒருத்தி, ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாயை மறைத்தபடியே வாசித்தாள். கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள், ஆனால் குரல் இறங்கிவிட்டது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அதற்காக வகுப்பில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். “டீச்சர், பாப்பாவுக்குப் பல்லு சந்து விட்டு முளைக்குது. ஓசூர்ல எங்க அண்ணன் பொண்ணுக்கு நாலு பல்லு எடுத்துட்டுக் கம்பி கட்டியிருக்காங்க. இவளுக்கும் அப்படித்தான் பண்ணணுமா?” என்று கேட்டார். அறிவியல் ஆசிரியரிடம் பதில் இருக்கும் என்று நம்பி வந்தவர். என்னிடம் இல்லை. “கொஞ்சம் படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேம்மா” என்று அனுப்பிவிட்டுத் தேடத் தொடங்கினேன்.

எங்கள் ஊர் சிங்காரப்பேட்டை. ஊத்தங்கரையிலிருந்து செங்கம் வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலையை ஒட்டி இருக்கிறது. இங்கிருந்து ஓசூர், பெங்களூரு என்று வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. பல்லுக்குக் கம்பி கட்டுவது முன்பெல்லாம் நகரத்துப் பிள்ளைகளின் விஷயமாக இருந்தது. இப்போது நம் வகுப்பறைகளுக்கும் வந்துவிட்டது. கூடவே ‘பல் எடுக்கணுமா’ என்ற கேள்வியும் வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நாம் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நடத்தும் விகிதம், சதவீதம், சராசரி, திட்டவிலக்கம் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வருகின்றன. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அந்தக் கணக்கில் பயன்படும் சராசரிகள் வேறு ஊர்களில், வேறு மனிதர்களின் வாயில் அளந்தவை.

முதலில் சந்து

கணக்குக்குப் போகுமுன் அந்த மாணவியின் பல்லைப் பார்த்துவிடுவோம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை குழந்தையின் வாயில் பால் பற்களும் நிலையான பற்களும் கலந்து இருக்கும். மேல் முன்பற்கள் ஏழு, எட்டு வயதில் முளைக்கின்றன. மேல் கோரைப்பற்கள் பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் வெளியே வரும். அதுவரை அவை ஈறுக்குள் இருந்தபடி பக்கத்து வெட்டுப்பற்களின் வேரை அழுத்துகின்றன. அதனால் முன்பற்கள் விசிறிபோல விரிந்து, நடுவில் சந்து விழும். கோரைப்பல் இறங்கியதும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தச் சந்து தானாகவே மூடிவிடும். 1937இல் பிராட்பென்ட் என்ற மருத்துவர் இதை விவரித்து, ஆண்டர்சன் கதையில் வரும் அழகில்லாத வாத்துக்குஞ்சின் பெயரையே இந்தப் பருவத்துக்கு வைத்தார். சந்து 2 மி.மீ. அளவுக்குள் இருந்தால் பொதுவாகக் காத்திருக்கலாம். அதைவிட அகலமாக இருந்தாலோ, கோரைப்பல் வந்த பிறகும் மூடாவிட்டாலோ பல் மருத்துவர் பார்க்க வேண்டும். நடுவில் கூடுதல் பல் ஒன்று மறைந்திருக்கலாம், பக்கத்துப் பல் ஒன்று உருவாகாமலே இருக்கலாம், உதட்டையும் ஈறையும் இணைக்கும் தசைநார் தடித்திருக்கலாம்.

எங்கள் ஊரில் ‘பால் பல்தானே, எடுத்துவிட்டால் போச்சு’ என்ற எண்ணம் வலுவாக இருக்கிறது. இது சந்தைவிடப் பெரிய தொல்லை. கீழ்த்தாடையில் இரண்டாவது பால் கடைவாய்ப்பல் ஏறக்குறைய 10 மி.மீ. அகலம். அதன் இடத்தில் வரப்போகும் முன்கடைவாய்ப்பல் ஏறக்குறைய 7 மி.மீ. மட்டுமே. பால் பற்கள் விட்டுப்போகும் இந்த உபரி இடத்தை நான்ஸ் என்பவர் 1947இல் கணக்கிட்டார். கீழ்த்தாடையில் பக்கத்துக்குச் சராசரியாக 1.7 மி.மீ., மேல்தாடையில் 0.9 மி.மீ. நெரிசலாக வரும் பற்களுக்கு இயற்கை வைத்திருக்கும் சேமிப்பு அது. சொத்தையானதும் அந்தப் பால் பல்லைச் சீக்கிரமே பிடுங்கிவிட்டால், பின்னால் நிற்கும் ஆறு வயதுக் கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்த ஆறு வயதுப் பல்லும் எந்தப் பால் பல்லும் விழாமல் கடைசியில் முளைப்பதால், அதையும் பால் பல் என்றே பல பெற்றோர் நினைத்துக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் பெற்றோர் கூட்டத்தில் இதை ஒருமுறை சொன்னாலே பல பிள்ளைகளுக்குப் பின்னாளில் கம்பி கட்டும் தேவை குறையும்.

போல்டனின் 55 பேர்

இனி கணக்கு. பற்கள் வரிசையாக நிற்க வேண்டுமானால் இரண்டு பொருத்தங்கள் தேவை. தாடையில் உள்ள இடமும் பற்களின் மொத்த அகலமும் பொருந்த வேண்டும். மேல்வரிசைப் பற்களின் அகலமும் கீழ்வரிசைப் பற்களின் அகலமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மேல்வரிசை கீழ்வரிசையைச் சற்று மூடி நிற்பதால் மேல்வரிசையின் மொத்தம் கூடுதலாக இருக்கும். எவ்வளவு கூடுதல் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவைச் சேர்ந்த வேய்ன் போல்டன் 1958இல் இதற்கு ஒரு விடை தந்தார். மிக நல்ல பல்வரிசை கொண்ட 55 பேரின் பல் அச்சுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லின் அகலத்தையும் அளந்தார். கடைசிக் கடைவாய்ப் பற்களை விட்டுவிட்டு மேலே 12, கீழே 12. கீழ்ப் பன்னிரண்டின் கூடுதலை மேல் பன்னிரண்டின் கூடுதலால் வகுத்து 100ஆல் பெருக்கினார். கிடைத்த சராசரி 91.3, திட்டவிலக்கம் 1.91. முன்பற்கள் ஆறுக்கு மட்டும் இதே கணக்கைச் செய்தபோது சராசரி 77.2, திட்டவிலக்கம் 1.65. எளிமையான, அழகான வேலை. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகம் முழுதும் பல் சீரமைப்பு மருத்துவர்கள் இந்த இரண்டு எண்களையும் பயன்படுத்துகிறார்கள். இன்று கணினி மென்பொருள்களிலும் இவை உள்ளன.

ஆனால் அந்த 55 பேர் யார்? ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, எந்த மக்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று போல்டன் தன் கட்டுரையில் குறிப்பிடவில்லை. ஏற்கெனவே நல்ல பல்வரிசை கொண்டவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார் என்பது தெரியும். அவர்களில் 44 பேர் பல் எடுக்காமலே சிகிச்சை பெற்றவர்கள், 11 பேர் சிகிச்சையே பெறாதவர்கள். சிகிச்சையின் இலக்கு என்ன என்று கேட்பதற்கு இது நல்ல தேர்வு. ‘எல்லா மனிதர்களின் பல்லும் இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்வதற்கு இது போதாது.

2000ஆம் ஆண்டில் ஸ்மித், புஷாங், வதனாபே ஆகிய மூவர் இதைச் சோதித்தார்கள். அமெரிக்காவிலேயே வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் மக்கள் என்ற மூன்று பிரிவினரில் ஆண்கள் 30, பெண்கள் 30 என்று மொத்தம் 180 பேரின் அச்சுகளை அளந்தார்கள். மொத்த விகிதம் வெள்ளையரிடம் 92.3, ஹிஸ்பானிக் மக்களிடம் 93.1, கறுப்பினத்தவரிடம் 93.4. போல்டனின் விகிதங்கள் வெள்ளைப் பெண்களுக்கு மட்டுமே பொருந்துகின்றன என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஒரே நாட்டில், வெள்ளை ஆண்களுக்குக்கூட அது சரியாகப் பொருந்தவில்லை.

ஒன்றிரண்டு சதவீதம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு மேல் பன்னிரண்டு பற்களின் கூடுதல் 96 மி.மீ., கீழ் பன்னிரண்டின் கூடுதல் 90 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போல்டன் சராசரிப்படி கீழே இருக்க வேண்டியது 96 × 0.913, அதாவது ஏறக்குறைய 87.6 மி.மீ. அப்படியானால் கீழ்ப்பற்கள் 2.4 மி.மீ. அதிகம். 93.4 என்ற சராசரியை வைத்தால் இருக்க வேண்டியது 89.7 மி.மீ. அதிகம் வெறும் 0.3 மி.மீ. பொதுவாக 1.5 மி.மீ.க்குள் உள்ள வேறுபாட்டை மருத்துவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதைத் தாண்டினால் கீழ்ப்பற்களின் பக்கங்களை லேசாகத் தேய்ப்பதா, கீழ் வெட்டுப்பல் ஒன்றை எடுப்பதா, மேலே இடைவெளி விட்டுப் பல்லை அகலப்படுத்துவதா என்ற யோசனை வரும். தேய்த்த எனாமல் மீண்டும் வளராது. பிள்ளை அதே பிள்ளை, பல் அதே பல். சராசரி மாறியதால் முடிவு மாறுகிறது.

பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர் இங்கே குறுக்கிட்டு, ‘திட்டவிலக்கத்தை மறந்துவிட்டீர்களே’ என்று சொல்வார். சரிதான். அந்தப் பிள்ளையின் விகிதம் 93.75. போல்டன் சராசரியிலிருந்து 2.45 தள்ளி இருக்கிறது. 1.91ஆல் வகுத்தால் சுமார் 1.3 திட்டவிலக்கம். இரண்டு திட்டவிலக்கத்துக்குள் இருப்பதால் போல்டனின் அளவுகோலிலேயே இது இயல்பானதுதான். சராசரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அதன் பரவலை மறந்துவிடும் பழக்கம் பல் மருத்துவத்தில் மட்டும் இருப்பதில்லை. நம் தேர்வு மதிப்பெண் பட்டியல்களிலும் அதைப் பார்க்கிறோம்.

முளைக்காத பல்லை அளப்பது

கலப்புப் பற்கள் உள்ள வயதில் இன்னொரு சிக்கல். கோரைப்பல்லும் முன்கடைவாய்ப் பற்களும் இன்னும் ஈறுக்குள் இருக்கும்போது அவற்றுக்கு இடம் போதுமா என்று எப்படிச் சொல்வது? எக்ஸ்ரே ஒரு வழி. 1974இல் தனாகாவும் ஜான்ஸ்டனும் கொடுத்த வாய்ப்பாடு இன்னொரு வழி. கீழ் வெட்டுப்பற்கள் நான்கின் அகலத்தைக் கூட்டுங்கள். அதில் பாதியுடன் 10.5 மி.மீ. சேர்த்தால், கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தில் வரவேண்டிய மூன்று பற்களின் மொத்த அகலம் கிடைக்கும். மேல்தாடைக்கு 11 மி.மீ. சேர்க்க வேண்டும். கூடுதல் 22 மி.மீ. என்றால் கீழே 21.5, மேலே 22. மனக்கணக்காகவே போட்டுவிடலாம் என்பதால் இது பரவிவிட்டது.

இது அமெரிக்காவின் கிளீவ்லாந்து பகுதியில் சிகிச்சைக்கு வந்த, ஐரோப்பிய வம்சாவளியினராகக் கருதப்பட்ட 506 பேரின் அளவுகளிலிருந்து பிறந்தது. இந்தியக் குழந்தைகளிடம் இந்த வாய்ப்பாட்டைச் சோதித்த பல ஆய்வுகளில் அது உண்மையான அளவைவிடக் கூடுதலாகவே காட்டியிருக்கிறது. பக்கத்துக்கு 1 மி.மீ. கூடுதலாகக் காட்டினால் ஒரு தாடைக்கு 2 மி.மீ. இடம் போதாது என்று தவறாகத் தோன்றும். எல்லையில் நிற்கும் பிள்ளைக்கு அந்த 2 மி.மீ. பெரிய வித்தியாசம். போல்டன் விகிதத்தில் இந்திய ஆய்வுகள் இவ்வளவு ஒருமுகமாக இல்லை. சிலவற்றில் சராசரி அவருடைய எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது, சிலவற்றில் சற்று மேலே போகிறது. ஒரு நகரத்து மருத்துவமனைக்கு வந்தவர்களின் சராசரியை ‘இந்தியச் சராசரி’ என்று சொல்வதும் அதே தவறுதான் என்பதை இது காட்டுகிறது.

மக்கள் கூட்டங்களுக்கிடையே பல் அளவு ஏன் மாறுகிறது? பல்லின் அகலத்தைப் பெரும்பகுதி மரபணுக்கள் முடிவு செய்கின்றன. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பற்கள் உலகிலேயே மிகப் பெரியவற்றில் அடங்கும். வட ஐரோப்பாவின் சாமி மக்களின் பற்கள் சிறியவை. எல்லாப் பற்களும் ஒரே விகிதத்தில் பெரிதாவதோ சிறிதாவதோ இல்லை என்பதுதான் கணக்கைச் சிக்கலாக்குகிறது. மேல்வரிசையில் நடுப்பற்களுக்குப் பக்கத்தில் உள்ள வெட்டுப்பல் மிக அதிகமாக மாறக்கூடியது. சிலருக்கு அது ஆணிபோலக் குறுகியிருக்கும், சிலருக்கு முளைப்பதே இல்லை. அந்த ஒரு பல் சிறுத்தாலே மேல்வரிசையின் கூடுதல் குறைந்து விகிதம் ஏறிவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலும் வேறுபாடு உண்டு, குறிப்பாகக் கோரைப்பல்லில். ஆண்களின் கோரைப்பல் சராசரியாகப் பெரியது.

நம் மாவட்டத்தில் பல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பழுப்புக் கறைதான். ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் வருவது அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். பல் உருவாகும் சிறுவயதில் குடித்த நீர் எனாமலின் நிறத்தைக் கெடுக்கும். பல்வரிசை கோணலாவதற்கு அது காரணமல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘தண்ணி சரியில்ல, அதான் தெத்துப்பல்’ என்று சொல்லும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

மாங்கொட்டைப் பாடம்

இதை வகுப்பில் எப்படிக் கொண்டுவருவது? பிள்ளைகளின் வாயில் வெர்னியர் அளவியை வைக்க வேண்டாம். அது சுத்தமும் அல்ல, ஒருவர் பல்லை வகுப்பே பார்த்துச் சிரிக்கும் வேலையாகவும் ஆகிவிடும். கிருஷ்ணகிரியில் நமக்கு அதைவிட நல்ல பொருள் இருக்கிறது, மாங்கொட்டை. ஜூனில் பள்ளி திறக்கும்போது பருவம் இன்னும் முடிந்திருக்காது. கிளிமூக்குக் கொட்டை முப்பது, செந்தூராக் கொட்டை முப்பது காயவைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பில் வெர்னியர் அளவி பாடமாகவே இருக்கிறது. நீளம், அகலம் அளந்து, அகலத்தை நீளத்தால் வகுத்துச் சதவீதமாக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகைக்கும் சராசரியும் திட்டவிலக்கமும் கண்டுபிடித்த பிறகு, செந்தூராவின் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு கிளிமூக்குக் கொட்டைகளை ‘சரி’, ‘சரியில்லை’ என்று பிரிக்கச் சொல்லுங்கள். நல்ல கொட்டைகள் வரிசையாகத் ‘சரியில்லை’ பக்கம் சேரும்போது பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

அளவீட்டுப் பிழையையும் இங்கேயே சொல்லிவிடலாம். நம் வெர்னியரின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ. பன்னிரண்டு பற்களில் ஒவ்வொன்றிலும் அந்தப் பிழை ஒரே பக்கமாக விழுந்தால் கூடுதலில் 1.2 மி.மீ. வரும். மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்கும் 1.5 மி.மீ.க்கு அது எவ்வளவு பக்கம் என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் தேவை, இதை வகுப்பில் சொல்லாமல் விடக் கூடாது. மாங்கொட்டை உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். கிளிமூக்கு மரங்கள் ஒட்டுக் கட்டிப் பெருக்கியவை, ஒன்றின் நகல் மற்றொன்று. மனிதர்கள் அப்படி இல்லை. மேலே பார்த்த மூன்று பிரிவினரின் சராசரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு சுமார் 1 சதவீதம். போல்டனின் ஒரே குழுவுக்குள் திட்டவிலக்கமே ஏறக்குறைய 2. அதாவது ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, இரண்டு கண்டத்து மக்களின் சராசரிகளுக்கு இடையே உள்ளதைவிட அதிகமாக இருக்கலாம். ஓசூர்ப் பக்கப் பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகளோடு ஒடிசா, பீகாரிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். யார் பல் பெரிது, யார் பல் சிறிது என்று மொழிவாரியாகப் பிரிக்க இந்த எண்கள் பயன்படா. ஒவ்வொரு சமூகத்துக்கும் தனிச் சராசரி கண்டுபிடித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நினைப்பவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நம் ஊர்ச் சராசரி கடன் வாங்கிய சராசரியைவிட நல்லதுதான். ஆனால் அதுவும் சராசரியே.

சராசரியே இல்லாத ஒரு வழியும் பல் மருத்துவத்தில் இருக்கிறது. பிள்ளையின் பல் அச்சைப் பிளாஸ்டரில் வார்த்து, அதிலுள்ள பற்களைத் தனித்தனியே அறுத்தெடுத்து, மெழுகில் புதிய வரிசையாக அடுக்கிப் பார்ப்பது. 1956இல் கெஸ்லிங் இதை விளக்கி எழுதினார். பல் எடுத்தால் எப்படி இருக்கும், எடுக்காவிட்டால் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பிள்ளையின் சொந்தப் பற்களிலேயே பார்த்துவிடலாம். இப்போது கணினித் திரையிலும் அதைச் செய்கிறார்கள். இதோடு எக்ஸ்ரே, தாடை வளர்ச்சி, முகத்தின் பக்கத் தோற்றம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே நல்ல மருத்துவர் முடிவு செய்வார். எனவே பல் எடுக்கச் சொன்னாலே அது தவறு என்று பெற்றோரிடம் நாம் சொல்லிவிடக் கூடாது. நெரிசல் மிகுந்த வாயில் அது சரியான சிகிச்சையே. ‘எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், பிள்ளையின் அச்சில் காட்ட முடியுமா’ என்று மருத்துவரிடம் கேட்கலாம் என்று சொல்லிக்கொடுத்தால் போதும். ஆண்டுதோறும் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் பல்லையும் காட்டச் சொல்லுங்கள். சொத்தை இருந்தால் அதுதான் முதல் வேலை, கம்பி பிறகு.

மாணவியின் அம்மாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. கோரைப்பல் இன்னும் முளைக்கவில்லை, முளைக்கும் வரை பார்க்கலாம், அதற்குள் ஒருமுறை அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்றேன். பட்டப்பெயர் வைத்த பையன்களிடம் வேறு மாதிரிப் பேசினேன். நால்வரில் மூவருக்கு அப்போது கோரைப்பல் இருந்த இடம் காலியாகவே இருந்தது. கண்ணாடியில் பார்க்கச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது.